மரியவீத்தர்: அவர்தம் கொள்கையும் தொண்டும்

ஒரு சமய சபையின் பெயர் செவியில் விழுந்தவுடனே, அஃது எந்தத் தலைமைக்கு உட்பட்டது, யாருடைய உத்தரவின்மேல் நிற்பது என்று வினவுதல் நம்மிற் பெரும்பாலோர்க்கு வழக்கமாயிருக்கின்றது. அச்சபையார் யாருக்கு அன்னமிடுகின்றனர், யாருடைய பிள்ளைக்கு எழுத்தறிவிக்கின்றனர், யாரைத் தம்மோடு ஒரே பந்தியில் அமர்த்துகின்றனர் என்று வினவுவோர் சிலரே. முதல் வினா வேண்டாததென்று நாம் சொல்ல வரவில்லை. அதனை மட்டும் வினவி அமைவோர், பாதி வழக்கைக் கேட்டுத் தீர்ப்பெழுதும் நியாயாதிபதியை ஒப்பர் என்பதே நம் கருத்து. இவ்விரண்டோடு மூன்றாவதொரு வினாவும் உண்டு. அது போகப் போகத் தானே வெளிப்படும். இம்மூன்றையும் ஒருங்கே வைத்து ஆராய்தற்குத் தக்கதாய், போலந்து தேசத்தில் தோன்றிய மரியவீத்தர் என்னும் துறவற சபையாரின் விருத்தாந்தத்தை நம் வாசகர் முன் வைக்கின்றோம்.

உரோமாபுரியிலுள்ள பாப்பரசரின் தலைமைக்கு உட்படாமல், ஆயினும் கத்தோலிக்கரின் பூசையையும் தேவதிரவிய அநுமானங்களையும் மேற்றிராணியார் வரிசையையும் கைவிடாமல் வாழும் சபைகள் ஐரோப்பாவிற் பல உள. ஒல்லாந்து தேசத்து உத்ரெக்ட் நகரத்துச் சபையார் 1724ஆம் ஆண்டிலேயே பாப்பரசரின் சம்மதமின்றித் தமக்கோர் அதிமேற்றிராணியாரை அபிஷேகம் செய்வித்துக்கொண்டனர். 1870ஆம் ஆண்டில் வத்திக்கான் பொதுச்சங்கம், விசுவாச காரியங்களில் பாப்பரசர் அதிகாரபூர்வமாய்ப் போதிக்கும்போது தவறா வரமுடையவர் என்று தீர்மானித்தது. அதற்கு இணங்காத ஜெர்மானியரும் சுவிட்சர்லாந்தாரும் ஆஸ்திரியரும் தனிச்சபைகளாயினர். பழைய கத்தோலிக்கர் என்று பெயர் பெற்ற இவர்கள் 1889இல் உத்ரெக்டைத் தலைநகராகக் கொண்டு ஓர் ஐக்கியம் வகுத்தனர். மரியவீத்தர் சில காலம் அந்த ஐக்கியத்தில் இருந்தவர்கள். ஆனால் அவர்கள் தோன்றியது சாஸ்திரிமாரின் தர்க்கத்தினால் அன்று. அவர்களுடைய ஆரம்பம் ஒரு சிறு வீடும், சில பெண்களும், ஊசியும் நூலுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் போலந்து தேசம் தன் சுயாதீனத்தை இழந்து மூன்று இராச்சியங்களுக்குப் பங்காய்ப் போயிருந்தது. உருசியச் சக்கரவர்த்தியின் வசப்பட்ட பகுதியில் 1863ஆம் ஆண்டு ஒரு பெருங்கிளர்ச்சி மூண்டு அடக்கப்பட்டது. அதன்பின் அரசாங்கத்தார் துறவற மடங்களிற் பெரும்பாலானவற்றை மூடினர். துறவு பூண விரும்பிய பெண்ணுக்கு மடமும் இல்லை. மடத்து உடையும் இல்லை. இந்நிலையிற் கப்பூச்சின் சபைத் துறவியாகிய ஹொனொராத் கொஸ்மின்ஸ்கி என்பவர், வெளியில் உலகத்தார் உடையும் உள்ளே துறவியர் வார்த்தைப்பாடுமாய் வாழும் மறைவான சபைகள் பலவற்றை ஏற்படுத்தினார். பெலிக்ஸா கொஸ்லொவ்ஸ்கா என்னும் அம்மையார் அவ்வழி வந்தவர். அவர் 1862இற் பிறந்தவர். அவருடைய தந்தை அக்கிளர்ச்சியில் உயிர் துறந்தார். அம்மையார் 1887ஆம் ஆண்டு பிளோட்ஸ்க் என்னும் பட்டணத்தில், அர்ச்சியசிஷ்ட பிராஞ்சீஸ்கு அசீசியாரின் ஒழுங்கைப் பின்பற்றி, கன்னியர் சிலரைச் சேர்த்து ஒரு சிறு சமூகத்தைத் தொடங்கினார். பூசை உடுப்புகளுக்குப் பூவேலை செய்தும் தைத்தும் அவர்கள் ஜீவனம் நடத்தினர்.

1893ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள் தமக்கோர் தரிசனம் உண்டாயிற்று என்று அம்மையார் கூறினார். உலகம் பாவத்தில் அமிழ்ந்திருக்கின்றது. கடவுளின் இரக்கமே அதற்குக் கடைசிப் புகலிடம். குருமார் தம் வாழ்க்கையைத் திருத்திக்கொண்டு, தேவநற்கருணையை இடைவிடாது ஆராதித்து, மரியன்னையின் தாழ்மையைப் பின்பற்ற வேண்டும் என்பதே அத்தரிசனத்தின் சாரம். இதனை அவர்கள் மகா இரக்கத்தின் கிரியை என்று அழைத்தனர். மரியாளின் வாழ்க்கையைப் பின்பற்றுவோர் என்னும் பொருளுடைய இலத்தீன் மொழிச் சொற்களிலிருந்தே மரியவீத்தர் என்னும் பெயரும் பிறந்தது. சாம்பல் நிற அங்கியும், மார்பிலே பூவேலையாய்த் தைத்த கதிர்ப்பாத்திரச் சின்னமும் அவர்களுக்கு அடையாளமாயின. சென்ற் பீட்டர்ஸ்பர்க் கலாசாலையிற் கற்றுத் தேர்ந்த யான் கோவால்ஸ்கி முதலிய இளங்குருமார் பலர், கல்லூரி காணாத இவ்வம்மையாரைத் தம் ஞானத்தாயாக ஏற்றுக்கொண்டனர். அவர்கள் அவரை ‘அன்பு அம்மா’ என்னும் கருத்துப்பட ‘மாத்தெச்கா’ என்றே அழைத்தனர்.

புதிய விசுவாசப் பிரமாணம் ஒன்றையும் அவர்கள் அப்போது வகுக்கவில்லை என்பதை வாசகர் குறித்துக்கொள்க. எனினும், குருமாரின் ஒழுக்கத்தைத் திருத்தும் பொறுப்பு ஒரு தையற்காரப் பெண்ணின் கையில் வந்ததை மேலதிகாரிகள் சகிக்கவில்லை. 1904இல் உரோமாபுரி இச்சபையைக் கலைத்துவிடும்படி கட்டளையிட்டது. 1906ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் பத்தாம் பத்திநாதர் போலந்து மேற்றிராணிமாருக்கு ஒரு நிருபம் விடுத்து இவர்களைக் கண்டித்தார். அவ்வாண்டு டிசம்பரில் அம்மையாரும் கோவால்ஸ்கியும் பெயர் சொல்லித் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டனர். அம்மையாரை இவர்கள் அளவு கடந்து போற்றுகின்றனர் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அது முற்றும் ஆதாரமற்றது என்று நாம் வாதாடமாட்டோம். ஒரு மனிதப் பிறவியைக் கேள்விக்கு அப்பாற்பட்ட பீடத்தில் ஏற்றும் வழக்கம் அச்சபையில் அன்றே வேரூன்றியிருந்தது. அவ்வேரின் கனியைப் பின்னர்க் காண்போம்.

புறம்பாக்கப்பட்ட பின் அவர்கள் செய்தது என்ன என்பதே நம் இரண்டாம் வினா. பக்கத்து ஊரார் பகைத்தனர். கோயில்களின் உரிமை பற்றிக் கைகலப்பும் உயிர்ச்சேதமும் நிகழ்ந்தன. உருசிய அரசாங்கத்தின் கையாட்கள் என்னும் பழியும் சுமத்தப்பட்டது. இத்தனைக்கும் இடையே மிகச் சில ஆண்டுகளுள் அவர்கள் எழுப்பிய கோயில்களும் சிற்றாலயங்களும் பல. ஒவ்வொரு கோயிலையும் அடுத்து ஒரு பள்ளிக்கூடம், அல்லது சிறு குழந்தைகளை வைத்துப் பேணும் ஒரு சாலை, அல்லது ஒரு தையற்கூடம் தோன்றலாயிற்று. லோட்ஸ் என்பது நூற்பாலைகளும் நெசவாலைகளும் மலிந்த நகரம். தாயும் தந்தையும் விடியுமுன் ஆலைச் சங்கு கேட்டு ஓடிவிட, தெருவில் விடப்பட்ட குழந்தைகளைக் கன்னியர் அழைத்துவந்து, முகங் கழுவி, உணவளித்து, எழுத்துங் கற்பித்தனர். கிராமங்களிலும் பட்டணங்களிலும் அன்னசாலைகள், ரொட்டி சுடும் கூடங்கள், நெசவுக்கூடங்கள், அநாதைச் சாலைகள், முதியோர் விடுதிகள், வாசகசாலைகள் ஏற்பட்டன. கன்னியர் உபதேசம் செய்ததோடு நிற்கவில்லை. மாவு பிசைந்தனர், தறியில் அமர்ந்தனர், நோயாளியின் படுக்கையையும் மாற்றினர்.

இவற்றினும் ஏழை மக்களின் மனத்தைக் கவர்ந்தவை வேறிரண்டு உண்டு. மணம் முடிக்க இவ்வளவு, பிணம் அடக்க இவ்வளவு என்று குருவானவரின் வாயிலிலே பணம் எண்ணி வைக்க வேண்டியிருந்த காலத்தில், மரியவீத்தர் தேவதிரவிய அநுமானங்களுக்குக் கூலி வாங்குவதில்லை என்று அறிவித்தனர். தகப்பனைப் புதைப்பதற்குக் கடன் வாங்கிய குடியானவன் ஒருவனுக்கு இவ்வறிவிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நம் வாசகர் எண்ணிப் பார்க்க. இரண்டாவது, 1907ஆம் ஆண்டு முதல் அவர்கள் பூசையை இலத்தீன் விடுத்துப் போலந்து மொழியில் நடத்தலாயினர். மூப்பர் முணுமுணுப்பதைத் தலைமுறை தலைமுறையாய்ப் பொருள் விளங்காமற் கேட்டு நின்ற பாட்டிமார், தாம் அடுப்பங்கரையிற் பேசும் மொழியிலேயே கடவுளும் பேசக் கேட்டனர். உரோமைச் சபை தாய்மொழிப் பூசைக்குத் தாராளமாய் இடங்கொடுத்தது, 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னரே என்பதை நோக்குங்கால், இவர்கள் ஏறத்தாழ அறுபதாண்டு முந்திவிட்டனர் என்பது புலனாகும்.

1909இல் மரியவீத்தர் உத்ரெக்ட் ஐக்கியத்திற் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் கோவால்ஸ்கி அந்நகரத்தில் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். 1911இல் தொடங்கி 1914இல் முடிந்த பெருங்கோயில் ஒன்று பிளோட்ஸ்கில் எழும்பியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் இரக்கத்தினதும் அன்பினதும் ஆலயம் என்பது. அச்சபையின் கொள்கை முழுவதையும் இப்பெயரே சொல்லும். 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அம்மையார் நெடுநாள் நோயுற்று இறந்தார். அதுவரையும் சபையை ஒருவாறு நிறைகோலாய் நின்று தாங்கியவர் அவரே. அதன்பின் சகல அதிகாரமும் கோவால்ஸ்கி ஒருவரிடமே வந்து குவிந்தது.

அவர் செய்த மாற்றங்கள் பல. அவை வேகமாகவும் வந்தன. ஜனங்கள் யாவருக்கும் அப்பத்தோடு திராட்சரசமும் வழங்கப்பட்டது. குருமார் மணம் புரியலாம் என்றாயிற்று. மடத்துக் கன்னியர் பலரை அவர்களே மணந்தனர். இவற்றைக் காரணங்காட்டி 1924இல் உத்ரெக்டார் உறவை முறித்தனர். 1929ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆம் நாள், பெரிய வியாழக்கிழமையன்று, இஸபெல்லா விலுட்ஸ்கா என்னும் அம்மையார் மேற்றிராணியாராகவும், வேறு கன்னியர் பன்னிருவர் குருக்களாகவும் அபிஷேகம் செய்யப்பட்டனர். அக்காலத்தில் இஃது எத்துணை அரிய செயல் என்பதை அளந்தறிய வேண்டுமாயின் இவற்றைக் கருதுக. ஆங்கிலிக்கன் உலகத்தில் முதன்முதல் ஒரு பெண் குருப்பட்டம் பெற்றது 1944இல், யுத்தம் நடந்த சீன தேசத்தில். ஜெர்மனியிலுள்ள பழைய கத்தோலிக்கர் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1996இல். 1887 முதல் மாவு பிசைந்தும் நூல் கோத்தும் அச்சபையைத் தாங்கிவந்த பெண்களுக்குப் பலிபீடத்தண்டை ஓரிடம் கிடைத்தது நியாயமே என்றுதான் நாம் கருதுகின்றோம்.

இனிக் கசப்பான பகுதிக்கு வருவோம். அதே கோவால்ஸ்கியின்மீது, அவருடைய பொறுப்பிலிருந்த கன்னியரையும் இளம்பெண்களையும் பற்றிய ஒழுக்கக்கேட்டுக் குற்றங்கள் சாட்டப்பட்டு, 1928இற் பிளோட்ஸ்க் நியாயஸ்தலத்தார் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தனர். மேல்வழக்குகளின் பின் அவர் 1936 முதல் 1938 வரை சிறையிலிருந்தார். பகைவரின் சூழ்ச்சியே அவ்வழக்கு என்று அவரைச் சேர்ந்தோர் கூறுவர். பகை இருந்தது உண்மை. ஆயின், ஒரே மனிதர் தலைவரும், ஞானகுருவும், நியாயம் விசாரிப்பவரும், விதி வகுப்பவருமாய் அமர்ந்த ஒரு மடத்திலே, தீங்குற்ற ஒரு பெண் யாரிடம் போய் முறையிடுவாள்? உள்ளே முறையிட இடமில்லாதபோதே வழக்கு ஊர்ச்சபைக்கு வரும். யார் யாரைச் சேர்த்துக்கொள்கின்றனர் என்பதோடு, சேர்க்கப்பட்டவள் வாய் திறக்கலாமா என்பதையும் கேட்க வேண்டும். தலைவரைக் கேள்வி கேட்க ஆருக்கேனும் உரிமை உண்டா? நாம் முன்னே சொன்ன மூன்றாம் வினா இதுவே.

1935ஆம் ஆண்டு சனவரியிற் குருமாரின் சங்கம் கூடிக் கோவால்ஸ்கியைப் பதவியினின்றும் நீக்கிற்று. அதற்குத் தக்க காரணம் இருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. அவர் கொண்டுவந்த மாற்றங்களிற் பலவற்றோடு பெண்களின் குருத்துவத்தையும் ஒழித்தனர். ஆறாண்டுகளாய்ப் பூசை நிறைவேற்றிய பெண்கள் பலிபீடத்தை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. கோவால்ஸ்கியும் விலுட்ஸ்கா அம்மையாரும் தம்மைச் சேர்ந்தாரோடு பெலிசியானூவ் என்னும் கிராமத்திற்குப் போய்த் தனிச்சபையாயினர். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாயிற்று பிளோட்ஸ்கில். வீட்டின்மேல் வைத்த ஆசையால் மூட்டைப்பூச்சியையும் சீராட்டிய கதையாயிற்று பெலிசியானூவில்.

இவ்விடத்தில் நம் அபிப்பிராயத்தைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகின்றோம். கொடுத்தவன் கெட்டவனாகையாற் கொடையும் கெட்டது என்பார் ஒரு சாரார். கொடை நல்லதாகையாற் கொடுத்தவன் பிழையை மறந்துவிடுக என்பார் மற்றொரு சாரார். இருவரும் ஒரே பிழையையே இரு பக்கத்திலிருந்து செய்கின்றனர். இருவர் கண்ணும் அந்த ஒரு மனிதர் மேலேயே இருக்கின்றது. பலிபீடத்தண்டை நின்ற அப்பெண்களை நோக்குவார் இலர். அவர்கள் நன்றாய்ப் பூசை நிறைவேற்றினரா? நோயாளியைத் தேற்றினரா? ஜனங்கள் அவர்கள் கையினின்றும் அப்பத்தை மனநிறைவோடு வாங்கினரா? ஒரு சீர்திருத்தத்தைத் தீர்மானிக்க வேண்டிய வினாக்கள் இவையன்றோ? கொடுத்தபோதும் மேலிருந்து ஒரு கட்டளை வந்தது; பறித்தபோதும் மேலிருந்து ஒரு தீர்மானம் வந்தது. வேலை செய்த கைகளுக்கு இரண்டு முறையும் தம் காரியத்தைத் தாமே தீர்மானிக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. கட்டளையாற் கிடைத்த உரிமை கட்டளையாலேயே போய்விடும். ஜனங்கள் பேசி, தர்க்கித்து, மெல்ல மெல்ல மனமொப்பி வளர்த்த உரிமையை ஒரு நாட் கூட்டத்திற் பிடுங்குதல் எளிதன்று.

அப்படியானால், காத்திருந்து யாவரும் ஒப்பும் வரை ஒன்றும் செய்யாதிருப்பதோ என்று நம் மாணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஊரெல்லாம் ஒப்பட்டும் என்றிருந்திருந்தால் 1907இல் அப்பாட்டிமார் தம் மொழியிற் பூசை கேட்டிருக்கமாட்டார்கள். துணிந்து தொடங்குதல் வேண்டும். ஆனால், அத்துணிவு உடையவர் தமக்கு மேல் ஒரு விசாரணையை ஏற்றுக்கொள்ளும் தாழ்மையும் உடையவராதல் வேண்டும். தாய்மொழிப் பூசையும் கூலியில்லா ஞானஸ்நானமும் 1935இன் பின்னும் நிலைத்தன. ஏனெனில் அவற்றை ஜனங்கள் தம்முடையவையாக்கிக்கொண்டு விட்டனர். இந்த வேறுபாட்டிலேயே நம் வினாவுக்கு விடையும் இருக்கின்றது.

பிற்காலச் செய்தியைச் சுருங்கச் சொல்லி முடிப்போம். நாத்ஸிகள் போலந்தைக் கைப்பற்றியபின் கோவால்ஸ்கி 1940இற் கைது செய்யப்பட்டு, டக்காவ் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, 1942இல் அவர்கள் கையிலேயே மாண்டார். அவருடைய பிழைகளை எண்ணுவோர் அவருடைய முடிவையும் எண்ணுவது நீதி. பெலிசியானூவிற் சிறு தொகையினராய் எஞ்சியிருப்போரிடையே பெண்கள் இன்றளவும் குருத்துவம் வகிக்கின்றனர். சபைத் தலைமையும் பெண்ணின் வசம் வந்திருக்கின்றது. பிளோட்ஸ்கைச் சேர்ந்தோர் போலந்து தேசத்துச் சபைகளின் ஐக்கியச் சங்கத்தில் 1946 முதல் அங்கம் வகிக்கின்றனர். 2000ஆம் ஆண்டு சனவரியில் அத்தேசத்து உரோமைச் சபையாரும், மரியவீத்தர் உட்பட வேறு சில சபையாரும், ஒருவர் கொடுக்கும் ஞானஸ்நானத்தை மற்றவர் ஏற்பதாக ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். 1906இற் புறம்பாக்கப்பட்டவர் கொடுக்கும் ஞானஸ்நானம், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றபின் ஞானஸ்நானமே என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. இடையிற் கல்லெறி பட்டவர்கள் அதனைக் காண இருக்கவில்லை.

இக்கல்லூரியை விட்டுச் செல்லும் நம் மாணவர் பலர் நாளடைவில் ஒரு பள்ளிக்கோ, ஒரு மருத்துவசாலைக்கோ, ஒரு சங்கத்திற்கோ, ஒரு சபைக்கோ தலைமை தாங்குவர். சேர்க்கப்படாதவரைச் சேர்த்துக்கொள்ளும் நல்லெண்ணம் அவர்களிடம் குறைவின்றி இருக்கும் என்று நம்புகின்றோம். அவ்வெண்ணம் இல்லாத கல்வி வீண். ஆயினும், கதவைத் திறந்து பிறரை உள்ளே அழைத்தவர், உள்ளே வந்தவர் எழுந்து நின்று ‘ஐயா, இது தவறு’ என்று சொல்வதற்கும் ஒரு கதவைத் திறந்து வைத்தல் வேண்டும். இல்லையேல் நாம் அழைத்தது விருந்தினரையன்று, ஊழியக்காரரையே ஆகும். பிளோட்ஸ்க் பட்டணத்திலே ஊசியும் நூலும் கொண்டு தொடங்கிய அக்கன்னியரை நாம் நினைக்கும்போதெல்லாம் நமக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. அவர்கள் சுட்ட ரொட்டியைத் தின்று பசியாறியோர் பல்லாயிரவர். அவர்களுடைய முறையீட்டைக் கேட்க ஒரு செவி அவ்வீட்டிலேயே இருந்திருந்தால் அச்சபையின் வரலாறு வேறாயிருந்திருக்கும். நம் வீடுகளில் அச்செவி உண்டா என்பதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளக் கடவோம்.